இரண்டு கிலோ கழிவில் அரைக் கிலோ மீதேனா?

காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, பழச் சக்கை ஆகியவற்றில் இரண்டு கிலோவை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் இட்டால் இருபத்து நான்கு மணி நேரத்தில் அரைக் கிலோ மீதேன் கிடைக்கும். சாணத்திலிருந்து அதே அளவு மீதேன் பெறுவதற்கோ 40 கிலோ சாணமும் 40 நாட்களும் வேண்டும். இப்படி ஒரு செய்தியை நாளிதழ்களிலும் விற்பனைத் துண்டுப் பிரசுரங்களிலும் பள்ளி அறிவியல் கண்காட்சி அட்டைகளிலும் நீங்கள் கண்டிருக்கலாம். அதை அடுத்து வரும் வரியும் பெரும்பாலும் ஒன்றுதான்: இனி உங்கள் வீட்டுக்கு சிலிண்டரே வேண்டாம்!

உண்மையாக இருந்தால் இதைவிட மகிழ்ச்சியான செய்தி வேறில்லை. ஆனால் பணம் கொடுத்துத் தொட்டி வாங்கி, மொட்டை மாடியில் வைத்து, சில மாதங்களில் அதைக் கவிழ்த்துவிட்டு மழைநீர் பிடிக்கப் பயன்படுத்துகிறவர்களையும் நாம் காண்கிறோம். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களுக்குச் சொல்லப்பட்ட எண்தான் தவறு. அந்த எண்ணைச் சரிபார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பில் படித்த ஆற்றல் அழியா விதியும் ஒரு பென்சிலும் போதும்.

ஒரு கிராம் மீதேன் எரிந்தால் ஏறக்குறைய 12 கிலோ கலோரி வெப்பம் வெளிப்படும். ஆகவே 500 கிராம் மீதேனில் 6,000 கிலோ கலோரி இருக்கிறது. இந்த ஆற்றல் எங்கிருந்து வந்திருக்க முடியும்? தொட்டிக்கு வேறு எதனாலும் ஆற்றல் தரப்படவில்லை. எனவே இட்ட கழிவுக்குள் அது முன்பே இருந்திருக்க வேண்டும். இப்போது ஊட்டச்சத்து நூல் ஒன்றை எடுத்து, உணவுப் பொருள்களின் கலோரி அட்டவணையைப் பாருங்கள். (உணவு அட்டவணையில் கலோரி என்று அச்சிடப்படுவது உண்மையில் கிலோ கலோரியே. இந்தக் குழப்பம் மாணவர்களுக்கு எப்போதும் உண்டு.) பெரும்பாலான காய்கறிகளில் 100 கிராமுக்கு 25 முதல் 40 வரைதான் காண்பீர்கள். அதிகபட்சமான 40ஐயே வைத்துக்கொண்டாலும் இரண்டு கிலோ காய்கறிக் கழிவில் 800 கிலோ கலோரிக்கு மேல் இல்லை. மனிதக் குடல் செரிக்காத நார்ப்பொருளில் ஒரு பகுதியைப் பாக்டீரியா செரிக்குமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்காகத் தாராளமாக இரு மடங்கு ஆக்குவோம்: 1,600. வடித்த சோற்றில் 100 கிராமுக்குச் சுமார் 130. இரண்டு கிலோ சோற்றுக்கு 2,600. எப்படிக் கூட்டினாலும் 6,000 வரவில்லை. எண்ணூறையோ இரண்டாயிரத்து அறுநூறையோ உள்ளே போட்டு ஆறாயிரத்தை வெளியே எடுக்கும் தொட்டி இருக்குமானால், அதை மொட்டை மாடியில் வைக்கக் கூடாது. இயற்பியல் விதிகளை மாற்றி எழுதுவதற்காக ஆய்வுக்கூடத்தில் வைக்க வேண்டும்.

ஆனால் மாவு? அரிசி மாவிலோ சோள மாவிலோ 100 கிராமுக்கு ஏறக்குறைய 350. இரண்டு கிலோவுக்கு 7,000. அதிலிருந்து 6,000 பெறுவது நடக்கக்கூடியதே!

இங்கேதான் செய்தியின் பிறப்பிடம் இருக்கிறது. புணேயைச் சேர்ந்த 'ஆர்ட்டி' என்னும் ஊரகத் தொழில்நுட்ப நிறுவனத்தில் டாக்டர் ஆனந்த் கர்வே தலைமையில் 2003ஆம் ஆண்டில் ஒரு சிறு எரிவாயுக் கலன் உருவாக்கப்பட்டது. கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டை, ஒன்றுக்குள் ஒன்று கவிழ்ந்தாற்போல் அமைத்த எளிய கருவி. 2006இல் அதற்கு இங்கிலாந்தின் ஆஷ்டன் விருது கிடைத்தது. அதன் அடிப்படைக் கருத்து மிகச் சிறந்தது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. சாணம் என்பது மாடு தின்று, செரித்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பின் எஞ்சிய பொருள். அதாவது, ஏற்கெனவே சாறு பிழியப்பட்ட கரும்புச் சக்கை. சக்கைக்குப் பதிலாகக் கரும்பையே போட்டால் என்ன என்று கேட்டார் கர்வே. மாவு, சர்க்கரை போன்றவை சாணத்தைவிடப் பல மடங்கு வாயு தரும் என்பதே அவர் காட்டியது. இரண்டு கிலோ, அரைக் கிலோ, 40 கிலோ என்னும் எண்கள் அந்தக் கலனுடன் வெளிவந்தவை. எந்தெந்தப் பொருளை இடலாம் என்ற பட்டியலில் கெட்டுப்போன தானிய மாவும் இருந்தது. சமையலறைக் கழிவும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே எண் பொருந்துவதுபோல் எழுதியதுதான் குறை. பிறகு செய்தி கைமாறக் கைமாற, மாவு மறைந்தது. கழிவு மட்டும் நின்றது.

வேதியியல் கணக்கும் இதையே சொல்கிறது. 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் காற்றில்லாமல் செரித்தால் 48 கிராம் மீதேனும் 132 கிராம் கரியமில வாயுவும் தோன்றும். மாவுப்பொருளாயின் 162 கிராமுக்கே 48 கிராம் மீதேன். இரண்டு கிலோ தூய உலர்ந்த மாவுப்பொருளிலிருந்து கிடைக்கக்கூடிய உச்ச அளவு ஏறக்குறைய 590 கிராம். எனவே 500 கிராம் என்பது கட்டுக்கதை அல்ல. உலர்ந்த மாவுக்கு உரிய எண். மறுபுறம், 40 கிலோ ஈரச் சாணத்திலிருந்து ஒன்றரை கன மீட்டருக்குச் சற்று மிகுதியான வாயு கிடைக்கும். அதிலும் அரைக் கிலோவை ஒட்டிய மீதேன் உண்டு. ஆக, ஒப்பிடப்பட்டது உலர்ந்த மாவும் ஈரச் சாணமும்! உலர்ந்த மிளகாயையும் பச்சை மிளகாயையும் ஒரே விலையில் நிறுத்து வாங்க எந்த இல்லத்தரசியும் சம்மதிக்க மாட்டார்.

நம் சமையலறைக் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர்தான். தண்ணீரிலிருந்து மீதேன் வராது. நடைமுறையில், ஒரு கிலோ ஈரக் கழிவிலிருந்து சுமார் 100 லிட்டர் வாயு கிடைத்தால் கலன் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். ஒரு கிலோ சாணத்துக்கு 40 லிட்டர் என்பது பழைய கணக்கு. ஆகவே சமையலறைக் கழிவு சாணத்தைவிட இரண்டரை மடங்கு மேலானது. இருபது மடங்கு அன்று. இரண்டரை மடங்கும் சிறிய வெற்றி இல்லையே! மாடு இல்லாத வீட்டிலும் எரிவாயு பெறலாம் என்பது மட்டுமே போதுமான பெருமை. அதை விட்டுவிட்டு ஏன் இருபதைச் சொல்ல வேண்டும்?

இப்போது வீட்டுக்கு வருவோம். நால்வர் கொண்ட குடும்பத்தில் நாளொன்றுக்கு ஒரு கிலோ ஈரக் கழிவு சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது 100 லிட்டர் வாயு. அறுபது விழுக்காடு மீதேன் கொண்ட இத்தகைய வாயுவில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 4,700 கிலோ கலோரி. 100 லிட்டருக்கு 470. அடுப்பில் எரியும்போது பாதிக்குச் சற்று மேல், 55 விழுக்காடு எனக் கொள்வோம், பாத்திரத்தைச் சேரும். அது 258 கிலோ கலோரி. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி தேவை. 258ஐ 70ஆல் வகுத்தால் மூன்றரை லிட்டருக்குச் சற்று மேல்.

அவ்வளவுதான். காலைக் காப்பிக்கும், ஒரு பாத்திரம் வெந்நீருக்கும் போதும். உலையேற்றிச் சோறு வடித்து, சாம்பார், கறி என்று மூன்று வேளைக்கும் போதாது.

இதையே சிலிண்டர்க் கணக்கில் பாருங்கள். வீட்டுச் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ, கிலோவுக்குச் சுமார் 11,000 கிலோ கலோரி. நாற்பது நாளைக்கு ஒரு சிலிண்டர் தீர்க்கும் வீட்டில் அன்றாடச் செலவு 3,900 கிலோ கலோரி. நம் தொட்டி தருவது 470, அதாவது எட்டில் ஒரு பங்கு. ஆண்டு முழுவதும் ஒரு நாளும் தவறாமல் ஒரு கிலோ இட்டுவந்தால் மிச்சமாவது ஏறத்தாழ ஒரே ஒரு சிலிண்டர். அவ்வீட்டுக்கு ஆண்டுக்கு ஒன்பது வேண்டும். தொட்டியின் விலையை ஒரு சிலிண்டரின் விலையால் வகுத்துப் பாருங்கள். எத்தனை ஆண்டில் போட்ட பணம் திரும்பும் என்பது தெரிந்துவிடும். எந்தத் துண்டுப் பிரசுரமும் இந்த வகுத்தலைச் செய்து காட்டுவதில்லை.

அளவைக் கூறுவதிலும் ஒரு மயக்கம் உண்டு. சாண எரிவாயுக் கலன்கள் பரவிய காலத்திலிருந்து நம் நாட்டில் 'இரண்டு கன மீட்டர் கலன்' என்றால் நாளொன்றுக்கு இரண்டு கன மீட்டர் வாயு தரும் கலன் என்றே பொருள். பிளாஸ்டிக் தொட்டிக் கலன்களை விற்கும்போதோ தொட்டியின் கொள்ளளவைச் சொல்கிறார்கள். ஆயிரம் லிட்டர் தொட்டியும் ஒரு கன மீட்டர்தான். முதல் வழக்கத்தை அறிந்தவர் அதைக் கேட்டால் தினமும் 1,000 லிட்டர் வாயு வரும் என்றே எண்ணுவார். வருவதோ 100 அல்லது 200 லிட்டர். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் வாங்கியவர் ஏமாந்தார்.

ஒரே நாளில் முடிகிறதா?

இருபத்து நான்கு மணி நேரம் என்ற பகுதியையும் சற்றுப் பார்ப்போம். ஒரு நாளில் செரிமானம் முடிந்துவிடுமானால் 1,000 லிட்டர் தொட்டி எதற்கு? இரண்டு கிலோ கழிவும் அதைக் கரைக்கும் தண்ணீரும் சேர்ந்து 15, 20 லிட்டர்தான். மூடியுள்ள ஒரு வாளி போதுமே! தொட்டியின் கொள்ளளவை அன்றாடம் இடும் கரைசலின் அளவால் வகுத்தால், கரைசல் சராசரியாக ஐம்பது நாளுக்குக் குறையாமல் உள்ளே தங்குகிறது என்று தெரிகிறது. ஆக, கலனின் அமைப்பே விளம்பரத்தை மறுத்துவிடுகிறது.

உண்மை என்னவென்றால், பல மாதமாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் கோடானு கோடிப் பாக்டீரியா பசியோடு காத்திருக்கின்றன. கஞ்சியையோ மாவையோ ஊற்றினால் சில மணி நேரத்தில் வாயு பெருகும். ஆனால் அந்தக் கூட்டம் உருவாவதற்கு வாரக் கணக்கில் ஆகும். காரணம் சுவையானது. குளுக்கோஸ் முழுவதும் மீதேனாகவும் கரியமில வாயுவாகவும் மாறும்போது, குளுக்கோஸில் இருந்த வெப்ப ஆற்றலில் ஏறக்குறைய 95 விழுக்காடு மீதேனுக்குள்ளேயே சென்றுவிடுகிறது. உரக்குழியைக் கிளறினால் கை சுடும். எரிவாயுத் தொட்டியோ தொட்டால் குளிர்ந்தே இருக்கும். இந்த வேறுபாட்டை நீங்களே தொட்டு அறியலாம். வேலை முழுவதையும் செய்த பாக்டீரியாக்களுக்குக் கிடைக்கும் கூலி மிகச் சொற்பம். கூலி சொற்பமானதால் மீதேன் உண்டாக்கும் இனம் மெதுவாகவே பெருகும். நமக்கு வாயு மிகுதியாகக் கிடைப்பதும், தொட்டி தயாராக நாளாவதும் ஒரே காரணத்தால்தான்.

பள்ளிக் கண்காட்சிகளில் ஒரு பாட்டிலில் காய்கறிக் கழிவை அடைத்து, வாயில் பலூன் மாட்டி, இரண்டே நாளில் பலூன் உப்பியதும் 'மீதேன்' என்று அட்டை எழுதி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது மீதேன் அன்று. முதலில் முந்திக்கொள்பவை அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள். அவை தருவது முக்கியமாகக் கரியமில வாயு. சிறிதளவு ஹைட்ரஜனும் இருக்கலாம். அந்த வாயுவைச் சுண்ணாம்புத் தெளிநீரில் செலுத்துங்கள். உடனே பால்போல் வெளுக்கும். இன்னும் துல்லியமாக வேண்டுமானால், ஆசிரியரின் மேற்பார்வையில், அளவு சாடியில் பிடித்த வாயுவைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு சேரவிட்டு எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்கலாம். சுருங்கியது கரியமில வாயு. எஞ்சியது மட்டுமே எரியக்கூடும். பலூனில் தீக்குச்சி வைத்துப் பார்க்கும் வேலை வேண்டாம். காற்றும் மீதேனும் கலந்திருந்தால் வெடிக்கும்.

வீட்டுத் தொட்டிகள் பாழாவதும் இந்த அமிலத்தால்தான். விளம்பரத்தை நம்பியவர், வாயு போதவில்லையே என்று கழிவை இரட்டிப்பாக்குகிறார். புளித்த மாவு, வடிகஞ்சி, விருந்தில் மிஞ்சிய பாயசம் எல்லாம் உள்ளே போகின்றன. அமில பாக்டீரியா விருந்துண்டு பெருகும். மீதேன் பாக்டீரியாவோ பி.எச். அளவு ஏழை ஒட்டி இருந்தால்தான் செழிக்கும். ஆறுக்குக் கீழே போனால் ஏறக்குறைய நின்றுவிடும். வாயு குறைகிறது, நாற்றம் பிறக்கிறது, அண்டை வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். அந்த நிலையில் செய்ய வேண்டியது, சில நாட்கள் எதுவும் இடாமல் பட்டினி போட்டு, புதுச் சாணக் கரைசலைக் கொஞ்சம் ஊற்றுவது. மாட்டின் இரைப்பையிலிருந்து வரும் மீதேன் பாக்டீரியா சாணத்தில் நிறைய உண்டு. முதன்முதலில் தொட்டியைத் தொடங்கும்போதும் சாணம் கேட்பது அதனால்தான். இவையெல்லாம் எளிய செய்திகள். ஆனாலும் 'அதிகம் இடாதீர்கள்' என்று அழுத்திச் சொன்னால் இருபது மடங்கு பெருமை குலைந்துவிடும் அல்லவா?

கல் வைத்துக் காட்டும் வித்தை

ஒரு செயல்விளக்கத்தில் தீ மங்கலாக எரிந்தது. விற்பனையாளர் தொட்டியின் மேல் இரண்டு கருங்கற்களைத் தூக்கி வைத்தார். தீ சீறி எழுந்தது, கூட்டம் கைதட்டியது. வித்தையில் மந்திரம் இல்லை. மிதக்கும் தொட்டியின் எடையே வாயுவுக்கு அழுத்தம் தருகிறது. தொட்டியின் விட்டம் ஒரு மீட்டர், எடை 20 கிலோ என்றால் பரப்பு 7,850 சதுர சென்டி மீட்டர். அழுத்தம் இரண்டரை சென்டி மீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமம். பத்து சென்டி மீட்டர் வேண்டுமானால் மொத்த எடை 78 கிலோ ஆக வேண்டும். ஆகவே கல் வைப்பது தவறன்று, தேவையானதுதான். ஆனால் அழுத்தம் நான்கு மடங்கானால் ஜெட் வழியே பாயும் வாயு இரண்டு மடங்காகும். தீ பெரிதாகும், தொட்டி இரண்டு மடங்கு விரைவில் காலியாகும். கல்லில் கலோரி இல்லை.

இவ்வளவும் எழுதிய பின் நான் இந்தக் கலனுக்கு எதிரி என்று நீங்கள் நினைத்தால் அது என் எழுத்தின் குறை. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. குப்பைமேட்டின் அடியில் காற்றின்றி அழுகும் ஈரக் கழிவும் இதே மீதேனைத்தான் உண்டாக்குகிறது. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 27 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு அது. வீட்டின் ஒரு கிலோ அங்கே போகாமல் தொட்டியில் அடங்கி, அடுப்பில் எரிந்து, மிஞ்சிய கரைசல் தோட்டத்துக்கு உரமாவது மதிப்புள்ள செயல். அப்படியானால் கழிவை அகற்றும் கருவி என்று சொல்லியே விற்கட்டும். காப்பிக்கு வெந்நீர் கூடுதல் லாபம் என்று சொல்லட்டும். அப்படிச் சொல்லி வாங்கியவர் ஓராண்டு கழிந்தும் கவிழ்க்க மாட்டார். ஊருக்குப் போகும்போது வாயுவைத் திறந்துவிட்டுப் போவது மட்டும் கூடாது. எரித்துத் தீர்த்துவிட்டுப் போகலாம். குப்பைமேட்டின் குற்றத்தை மொட்டை மாடியில் செய்ய வேண்டியதில்லை.

சமையலுக்கே உதவ வேண்டும் என்றால், கழிவு ஒரே இடத்தில் குவியும் விடுதி, உணவகம், அன்னதானக் கூடம், திருமண மண்டபம் இவையே ஏற்ற இடங்கள். 300 மாணவர் உண்ணும் விடுதியில் ஆளுக்கு 100 கிராம் வீணானாலும் 30 கிலோ. அதிலிருந்து மூன்று கன மீட்டர் வாயு; சிலிண்டர் வாயுவில் ஒன்றேகால் கிலோவுக்குச் சமம். பதினைந்து நாளைக்கு ஒரு 19 கிலோ சிலிண்டர் மிச்சம். பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் டாக்டர் சரத் காலே உருவாக்கிய 'நிசர்க்ருணா' கலன் இத்தகைய பெரிய அளவுகளுக்கானது. அதில் கழிவு முதலில் காற்றுள்ள சூடான தொட்டி ஒன்றில் கரைந்து, அதன் பிறகே காற்றில்லாத தொட்டிக்குச் செல்கிறது. அமிலத் தொல்லையை முதல் தொட்டியிலேயே பெரும்பாலும் முடித்துவிடும் ஏற்பாடு.

விடுதிக்கும் ஒரு சிக்கல் உண்டு. தேர்வு முடிந்து கோடை விடுமுறை விட்டால் இரண்டு மாதம் தொட்டிக்கு உணவில்லை. திறந்த முதல் நாளே முப்பது கிலோவையும் கொட்டினால் அது புளித்துவிடும். ஜூன் மாதத்தில் ஐந்து கிலோவில் தொடங்கி, பி.எச். தாளை நனைத்துப் பார்த்துக்கொண்டே மூன்று வாரத்தில் முப்பதுக்கு வர வேண்டும். இந்தப் பொறுப்பை விடுதிச் சமையற்காரரிடம் விடாமல், முதலாண்டு வேதியியல் மாணவர் இருவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஒப்படைப்பது நல்லது.